பதினேழாம் வாய்

ஜூன் 4

பல்லிக்கு,

விடுதியில் உனக்கு வைத்த பெயரையே எழுதுகிறேன். 'மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்கினால் உன் உதவியாளர் பிரித்துப் பார்த்து, பிறகு பார்க்கலாம் என்ற கட்டில் சேர்த்துவிடுவார். என் எண்ணிலிருந்து அழைத்தால் நீ எடுப்பதில்லை. ஏழு முறை அழைத்தேன். எட்டாவது முறைக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா பதினொரு நாளாக வாயைத் திறப்பதில்லை. உதட்டோரத்தில் ஸ்ட்ராவைச் செருகினால் பாலை உறிஞ்சுகிறாள். கரண்டியைக் கண்டால் பல்லை இறுக்கிக்கொள்கிறாள். கீழுதட்டின் உட்புறம் புண், முன்பல் ஒன்று ஆடுகிறது. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. முதியோர் இல்லத்தின் மேலாளர், "வயசானவங்கன்னா அப்படித்தான் மேடம், அடம் பிடிப்பாங்க" என்றார். அவருக்கு முப்பது வயதிருக்கும். வயதானவர்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

போன வருடம் அங்கே நாம் செய்த ஆய்வை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன், எனக்கு எதையும் வரிசையாக எழுதினால்தான் யோசிக்க வரும். தாமாகப் பல் தேய்க்க முடியாத நாற்பது பேர். சீட்டுக் குலுக்கி இருபது பேருக்கு எலக்ட்ரிக் பிரஷ், இருபது பேருக்குச் சாதாரண பிரஷ். இல்லத்தில் அவற்றை மிஷின் பிரஷ், கை பிரஷ் என்றார்கள். இரண்டு பணிப்பெண்கள் தினமும் காலையில் தேய்த்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து நீ மெல்லிய கம்பியால் ஈறுகளைத் தொட்டு, ரத்தம் கசியும் இடங்களை எண்ணினாய். நான் கணக்குப் போட்டேன். அம்மா கை பிரஷ் பக்கம் விழுந்திருந்தாள், எண் பதினேழு. சொந்த அம்மாவின் வாயை வைத்து ஆராய்ச்சி செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாதென்று அவளை மட்டும் நானே கணக்கிலிருந்து எடுத்தேன். மிஷின் ஜெயித்தது. கட்டுரை வந்தது. உனக்கு நாற்காலி வந்தது. இல்லம் நாற்பது பேருக்கும் மிஷின் பிரஷ் வாங்கியது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் போன வாரம்தான் தெரியும். பணிப்பெண்கள் இருவரில் மூத்தவரை, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிட்ட அந்த அம்மாளை, மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "அதான் மிஷினே தேய்க்குதே மேடம், எதுக்கு ரெண்டு பேரு? டாக்டரம்மாவே சொன்னாங்க" என்றார் மேலாளர். எந்த டாக்டரம்மா என்று கேட்டதும் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். நாற்பது பேருக்கு ஒரு ஆள் போதும் என்று நம் ஆய்வு எங்கும் சொல்லவில்லை என உன் கையெழுத்தில் இல்லத்துக்கு எழுது. புள்ளியியல் ஆசிரியைக்கு அங்கே யாரும் பயப்படுவதில்லை. உனக்குப் பயப்படுவார்கள்.

சந்தேகம்


ஜூன் 15

அடி சந்தேகம்,

அழைப்பை எடுக்காதது தப்புதான். ஆனால் நீ அழைத்தால் அரை மணி நேரம் போகும், அதில் இருபது நிமிடம் நான் எங்கே தவறினேன் என்ற பட்டியலாக இருக்கும். இங்கே எனக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த இல்லத்தின் முதலாளிக்கு மொத்தம் ஒன்பது இல்லங்கள். ஒன்பதிலும் இதே திட்டத்தை செப்டம்பர் முதல் தேதி தொடங்குகிறோம். ஐந்நூறு வாய். முப்பது வருடமாக ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவைப் பற்றிப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. நம் அறைக்கு வந்து தங்கும்போதெல்லாம் என்னை உட்கார வைத்துத் தலைவாரிவிட்டவர். புண்ணுக்குக் களிம்பு எழுதியிருக்கிறேன், தனித்தாளில் இருக்கிறது. பிரஷ்ஷின் தலையை மாற்றச் சொல், குழந்தைகளுக்கான சின்னத் தலை கிடைக்கும். முதலில் கடைவாயில் வைக்கச் சொல், முன்பல்லில் வைத்தால் அதிர்வு மண்டைக்கு ஏறும். பழகிவிடும்.

ஆனால் ஒன்று. வீட்டில் வைத்திருந்தபோது ஒன்றரை வருடம் நீதான் தேய்த்துவிட்டாய். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. உன் ஆள்காட்டி விரலைக் கடித்து மூன்று தையல் போட்டது மறந்துவிட்டதா? அன்று உன் கையில் இருந்தது கை பிரஷ். அதன் மேல் வழக்குப் போட்டாயா? அம்மாவை இல்லத்தில் சேர்த்தாய்.

ஆள் குறைப்பு நிர்வாகத்தின் விஷயம். அதில் நான் மூக்கை நுழைக்க முடியாது. கணக்கில் கோளாறு என்றால் அதை என்னிடம் கேட்காதே. சாப்பாட்டறைக் கடிகாரத்தைக்கூட நம்பாமல் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கிறவள் நீ. அந்த எண்களை மூன்று தடவை கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நீதான்.

களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை.

பல்லி


ஜூன் 27

பல்லி,

களிம்பு வாங்கினேன். வாயைத் திறக்காதவளுக்கு உள்ளுதட்டில் எப்படித் தடவுவது என்பதைத் தனித்தாளில் நீ எழுதவில்லை.

நான் அம்மாவைப் பார்ப்பது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. அப்போது எல்லோரும் முகம் கழுவி, சட்டை மாற்றி, பார்க்கத் தயாராக இருப்பார்கள். போன செவ்வாய் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்குப் போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை.

இருக்கும் ஒரே பணிப்பெண் இளையவர், நல்ல மாதிரி, ஓடிக்கொண்டே இருக்கிறார். எட்டரைக்குச் சாப்பாட்டு வண்டி வரும், அதற்குள் நாற்பது வாய். அவர் செய்வதைக் கட்டில் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு மிஷினை முடுக்கி ஒருவர் வாயில் செருகி, அவர் கையையே எடுத்து அதைப் பிடிக்க வைக்கிறார். உடனே அடுத்த கட்டில், அடுத்த மிஷின். பிறகு மூன்றாவது. மூன்று மிஷின்களும் மூன்று வாய்களில் தாமாக உறுமிக்கொண்டிருக்கின்றன. ஒரு பெரியவரின் கை சரிந்து மிஷின் தாடையில் ஓடியது. இன்னொருவர் அதைத் தலையணையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அது ஒரே இடத்தில், கீழுதட்டில், இரண்டு நிமிடம் ஓடியது. எடுக்கத் தெரியாமல் அதைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான் எடுத்தேன்.

பெரியக்காவைத் தேடிப் பிடித்தேன். ஒரு துணிக்கடையில், வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்டதை மடித்து அடுக்கும் வேலை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "துணி கடிக்காது மேடம்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. மடித்துக்கொண்டேதான் பேசினார்.

மிஷின் தானாக நிற்கும்வரை வாயிலிருந்து எடுக்கக் கூடாது என்பது நீ போட்ட உத்தரவாம். அது இரண்டு நிமிடத்தில் நிற்கும். கை பிரஷ்ஷுக்கு யாரும் நேரம் சொல்லவில்லை. "நாப்பது வாய் முடிக்கணும், வண்டி வந்துடும். எங்க மிச்சம் பிடிக்கிறது? கை பிரஷ்லதான். அரை நிமிஷம், அவ்ளோதான். மிஷின் வச்சவங்க பக்கத்துல நின்னுதானே ஆகணும், நின்னா சும்மாவா நிப்போம்? மேல கீழ திருப்பி, நாக்கு, கன்னம் எல்லாம் பாத்து விடுவோம்."

அப்படியானால் மிஷின் நன்றாகத் தேய்க்காதா என்று கேட்டேன்.

"தேய்க்கும் மேடம். ஆளு நின்னா தேய்க்கும்."

புரிகிறதா, பல்லி? நாம் பிரஷ்ஷை அளக்கவில்லை. பக்கத்தில் ஆள் நின்ற நேரத்தை அளந்தோம். அதைப் பிரஷ் என்று எழுதி, அதைக் காட்டி அந்த ஆளையே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவர் இன்னொன்றும் கேட்டார். "எல்லாத்தையும் நோட்டுல எழுதிக் குடுத்தேனே, ஆறு மாசமும். யாரும் பாக்கலையா?" நீ ஒரு மாதத்துக்குத்தான் எழுதச் சொன்னாயாம். போதும் என்று யாரும் சொல்லாததால் அவர் ஆறு மாதமும் எழுதியிருக்கிறார். யாருக்கு எவ்வளவு நேரம் என்று, ஒவ்வொரு நாளும். கடைசி நாள் உன் கையில் கொடுத்திருக்கிறார்.

அந்த நோட்டை என்ன செய்தாய்? கொளுத்திவிட்டாயா, இல்லை நாற்காலியின் கால் ஆடாமலிருக்க அடியில் வைத்திருக்கிறாயா? நீ பொறுப்பில்லாதவள் என்று தெரியும், உன் நோட்டைப் பார்த்து எழுதித்தான் முதல் வருடம் நான் தேறவில்லை. ஆனால் திருடி என்று நினைத்ததில்லை.


ஜூலை 9

மேடம்,

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கொளுத்தவில்லை. ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. திருடிகள் பொருளை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த நோட்டு கடைசி நாளே உங்கள் மேசைக்கு வந்தது. நானே கொண்டுவந்து வைத்தேன். நான்கு நாள் கழித்துத் திருப்பி அனுப்பினீர்கள், கூடவே ஒரு கடிதம். உங்களுக்கு மறந்திருக்கும். நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. சென்ற ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியிட்டது, அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்:

'நேரக் குறிப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் நான்கு பக்கம் புரட்டினேன். இடது பாதி முழுக்க 2, 2, 2. வலது பாதி முழுக்க ½, ½, ½. உண்மையில் அளந்த எண்கள் இப்படி அணிவகுத்து நிற்காது, முன்பின் இருக்கும். இது உட்கார்ந்த இடத்தில் நிரப்பியது. என் மாணவர்களே இதைவிடத் திறமையாக ஏமாற்றுவார்கள். நாலாம் வகுப்போடு நின்ற ஒரு பணிப்பெண்ணின் கைவேலையைக் கட்டுரையில் வைத்தால் நமக்குத்தான் கேவலம்.'

மிஷின் இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும், சந்தேகம். அவர் வேறு எந்த எண்ணை எழுதுவார்?

உலகத்தையே சந்தேகப்பட்டாய். உன் சந்தேகத்தை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

இனி என் பங்கு. அன்று அந்தக் கடிதத்தைப் படித்ததுமே நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. நிம்மதியாக இருந்தது. நோட்டை ஒதுக்க நானே தயங்கியிருந்தேன், அதை நீ ஒழுக்கத்தின் பெயரால் செய்து முடித்துவிட்டாய், என் கை சுத்தமாக இருந்தது. இதைத் திருட்டு என்று சொல்வதென்றால் சொல். ஆனால் பூட்டை உடைத்தது நீ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேறு யாரும் இல்லை உனக்கு. நீயும் மிஷின் ஜெயிக்கட்டும் என்றுதான் காத்திருந்தாய். முடிவைத் தொலைபேசியில் சொன்னபோது உன் குரலைக் கேட்டவள் நான். மிஷின் போதும் என்றால், அம்மாவுக்கு வேண்டியிருந்தது உன் கை இல்லை என்று ஆகிறது. நீ அவரைக் கொண்டுபோய் விட்டது தப்பில்லை என்று ஆகிறது. அதற்காகத்தான் நான்கு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாய்.

பதில் வேண்டாம்.


ஜூலை 20

பல்லி,

வேண்டாம் என்றாலும் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் கடிதம் என்னுடையதுதான். 'கைவேலை' என்ற சொல்லைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். திருடி என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முழுவதும் இல்லை, பாதி.

நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம்; இந்த முறை நூற்று எண்பத்திரண்டு பக்கமும் படித்தேன். பென்சில் எழுத்து. கட்டத்துக்குள் அடங்காமல் வலப்பக்கம் சாய்ந்த எண்கள். மிஷின் பக்கம் 2, 2, 2. கை பக்கம் ½, ½, சில நாள் ¼. 'வண்டி சீக்கிரம் வந்துட்டு' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

கை பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும், ஐந்தாவது பக்கத்திலிருந்து, வேறு மாதிரி. 3. 3. 3½. 3. ஒரு நாள் 5. எண் பதினேழு.

உன் பரிசோதனைத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன, நான் எடுத்து வைத்த அம்மாவின் தாளும் சேர்த்து. ஒரு வருடமாக அதை நான் திறந்ததே இல்லை. நேர்மை என்று நினைத்திருந்தேன். நேற்றுத்தான் திறந்தேன். ரத்தம் கசிந்த இடங்கள், சராசரியாக: கை பிரஷ்காரர்களுக்கு இருபத்து மூன்று, மிஷின்காரர்களுக்கு ஒன்பது. அம்மாவுக்கு நான்கு. நாற்பது வாய்களில் அவளுடையதுதான் மிகச் சுத்தமான வாய், அதுவும் கை பிரஷ்ஷால். அந்த ஒரு தாளை மற்றவற்றோடு வைத்திருந்தால் ஏன் இப்படி என்று கேட்டிருப்பேன். அதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. கசிவை எண்ணியவள் நீ, நீயும் கேட்கவில்லை.

துணிக்கடைக்குத் திரும்பப் போனேன். பதினேழுக்கு மட்டும் ஏன் மூன்று நிமிடம் என்று கேட்டேன். பெரியக்கா முதல்முறையாக மடிப்பதை நிறுத்தினார். "அவங்க வாயத் திறந்தா மூட மாட்டாங்க மேடம். எம்பொண்ணு கணக்கு டீச்சர், எம்பொண்ணு கணக்கு டீச்சர்னு ஒரே பாட்டு. பேச்சுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுக்குவேன். ஆ காட்டச் சொன்னா காட்ட மாட்டாங்க. உங்க பொண்ணு என்ன பண்றாங்கன்னு கேட்டா காட்டுவாங்க. அதான் நேரமாவும்."

வீட்டில் இருந்த ஒன்றரை வருடமும் நான் அம்மாவிடம் ஆ காட்டு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி. ஒரு ஆள் போதும் என்று மேலாளரிடம் சொன்ன டாக்டரம்மா யார்?

சந்தேகம்


ஆகஸ்ட் 2

சந்தேகம்,

நான்தான். உனக்கு ஜூன் மாதமே தெரியும், என் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தாய்.

கட்டுரை வந்த மறுவாரம் இல்லத்தில் ஒரு கூட்டம். முடிந்து படி இறங்கிக்கொண்டிருந்தேன், வண்டி காத்திருந்தது. மேலாளர் பின்னாலேயே வந்தார். "அப்போ ஒரு ஆள் போதும்ல டாக்டர்?" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போதும்னுதான் நினைக்கிறேன்" என்றேன். அவ்வளவுதான். அவர் பெரியக்காவை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் தோன்றுகிறது. படியில் நாலைந்து எட்டு இறங்கியபின் தெரிந்தது. திரும்பி ஏறவில்லை.

நீ கேட்கும் கடிதத்தை என்னால் எழுத முடியாது. செப்டம்பர் ஒன்றுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. எழுதினால் ஒன்பது இல்லமும் போகும், நாற்காலியும் போகும், எனக்கு இன்னும் பதினொரு வருடம் வேலை இருக்கிறது. நீ எழுது. நோட்டைப் படிக்காமல் ஒதுக்கியது உன் தவறு என்று எழுது, அது உண்மையும்தானே. என் பெயரைச் சேர்க்காதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சேர்த்தால் ஆச்சரியப்படவும் மாட்டேன்.

அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். சொல்ல வேண்டாம், விடு.

பல்லி


ஆகஸ்ட் 19

பல்லிக்கு,

நம் கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். நேரக் குறிப்பை நான் நான்கு பக்கம் மட்டும் பார்த்து ஒதுக்கினேன் என்று எழுதினேன். முடிவு பிரஷ்ஷைப் பற்றியது இல்லை, ஆள் நின்ற நேரத்தைப் பற்றியது என்று எழுதினேன். நோட்டு இதுவரை யாரிடம் இருந்தது என்பதையும் எழுதினேன். அந்த வரியில் உன் பெயர் இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை. படியில் நடந்ததை எழுதவில்லை. அதை நீ எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த இதழில் வரும். உன் செப்டம்பர் விழாவுக்குப் பிறகுதான் வரும், கவலைப்படாதே.

அதன் நகலை மேலாளரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் படித்தார், பாவம். "இது பத்திரிகை சமாச்சாரம் மேடம், மேலிடத்துல சொல்லணும்" என்றார். மேலிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. இன்னொரு ஆள் வரவில்லை. வேண்டுமானால் தினமும் காலையில் வந்து என் அம்மாவுக்கு நானே தேய்த்துவிடலாம், அதற்கு ஆட்சேபணை இல்லை என்றார். "மிஷினா, கையா மேடம்? ஸ்டோர்ல சொல்லணும்." எதுவானாலும் சரி என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இந்த விஷயத்தில் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்தவள் இப்படிச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பெரியக்காவைத் திரும்ப வரச் சொல்லிப் பார்த்தேன், இல்லத்துக்கு இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு மட்டுமாவது. வேண்டாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பையிலிருந்து எடுத்தேன். வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தார். "கடைசில பத்து பக்கம் காலியா கிடக்கு. நீங்களே எழுதுங்க. உங்க கையில எழுதினா நம்புவாங்க."

இன்றோடு ஒன்பது நாள் போயிருக்கிறேன். ஆறரைக்குப் போய், எட்டுக்குக் கல்லூரிக்குக் கிளம்புகிறேன். புண் ஆறிவருகிறது. ஸ்ட்ராவைச் செருகும்போது விரலால் தடவிய களிம்பு வேலை செய்கிறது, அது உனக்குச் சேர வேண்டியது. ஆனால் வாய் திறக்கவில்லை. முதல் எட்டு நாள் நோட்டில் 0 என்று எழுதினேன்.

இன்று காலை ஆ காட்டு என்று சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, உங்கள் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். "வர்றதே இல்ல" என்றாள்.

திறந்த வாயில் பிரஷ்ஷை வைத்தேன். கடைவாய், மேல் வரிசை, பிறகு முன்பல்லுக்கு வந்தேன். கடித்துவிட்டாள், அதே விரலை. பிரஷ் கீழே விழுந்தது. ரத்தம் என்னுடையது, அவள் ஈறில் கசிவில்லை, பார்த்தேன்.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்து, பென்சிலால், பெரியக்கா விட்ட இடத்திலிருந்து ஒன்பதாவது பக்கத்தில் எழுதினேன்.

17 — ½